தலைவர் சவுனாவுக்கு வரவில்லை

“இன்னும் உள்ள என்ன பண்ற? நம்ம முறை ஆரம்பிச்சாச்சு!” என்று கூடத்திலிருந்து ஹில்க்கா கத்தினாள்.

ஔலிஸ் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கெண்டைக்காலின் உள்பக்கம் நல்ல கத்திரிக்காய் நிறம். வலது முன்னங்கால் எலும்பில் எதுவோ கடித்துக் குதறியதுபோல வரிசையாகப் பல் தடம். இடுப்பில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒன்று. நேற்று நீலமாக இருந்தது இன்று ஓரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. உட்காரும் இடத்தைக் கைக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிந்தது. பார்த்த கையோடு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், அவர்கள் வீட்டு முறை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் மனைவியும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. சவுனாவுக்குள் துணியோடு போகிற மனிதன் பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் இன்னும் பிறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், இந்தக் கால்களை அங்கே எதில் மறைப்பது?

“எனக்குச் சளி பிடிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்கு நீ மட்டும் போயிட்டு வந்துடு.”

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

“சளி பிடிக்கிற மாதிரி இருந்தா சவுனாவுக்குத்தானே போவாங்க?”

“தலையும் வலிக்குது.”

“தலை வலிச்சாலும் அங்கதான் போவாங்க. பல்லு புடுங்கின அன்னிக்கே நீ போய் உக்காந்தவன்தானே?”

“ஹில்க்கா, என்னை விடேன்!”

விட்டுவிட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. அது தேய்ந்ததும் ஔலிஸ் கால்சட்டையை இறக்கிவிட்டு, அங்கிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பெரிய முதுகுப்பையை எடுத்துக்கொண்டு, பூனைபோல இன்னொரு படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினார். பைக்குள் இருந்தது ஏறி நின்று ஓட்டும் ஒரு மின்சார ஒற்றைச் சக்கரம்.

இந்த இடத்தில் ஔலிஸ் கெத்தூனென் யார் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்தான். பனி தள்ளுவது, துணி காயப்போடும் அறைக்கு முறை வைப்பது, குப்பையைப் பிரித்துப் போடாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. கேட்பார், நன்றாகவே கேட்பார். போன இலையுதிர் காலத்தில் அவராகவே ஒரு விதி கொண்டுவந்து, லிஃப்டுக்குள் ஒட்டியும் வைத்திருந்தார்: மின்சாரத்தில் ஓடும் எந்தச் சக்கரத்தையும் முற்றத்திலோ கட்டடத்துக்குள்ளோ ஓட்டக்கூடாது. புத்தியுள்ளவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று கடைசியில் ஒரு வரி வேறு.

விதி கொண்டுவந்த மனுஷனின் புத்தி ஜனவரியில் கெட்டது. பேருந்து வரவில்லை. பனிச்சாரல் முகத்தில் அடிக்க நிறுத்தத்தில் விறைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். அப்போது திருச்சபைப் போதகர் அன்னுக்கா, அறுபதைத் தொடப்போகிற அம்மாள், கறுப்பு அங்கி பறக்க, ஒற்றைச் சக்கரத்தின்மேல் நிமிர்ந்து நின்றபடி அவரைக் கடந்து போனார். குளத்தில் வாத்து போகிற மாதிரி போனார். “கடவுள் ஆசீர்வதிக்கட்டும், ஔலிஸ்!” என்று கையை வேறு ஆட்டினார்.

ஔலிஸ் அன்றைக்கே விழுந்துவிட்டார், மனசுக்குள்ளே. உடம்போடு விழ ஆரம்பித்தது அடுத்த வாரம், பழைய சக்கரம் ஒன்றை வாங்கியபிறகு.

அவர் போட்ட திட்டம் இதுதான். பனி உருகுவதற்குள் ரகசியமாகக் கற்றுக்கொள்வது. ஏப்ரலில் ஒரு நல்ல வெயில் நாளில், எல்லாரும் முற்றத்தைப் பெருக்கக் கூடும்போது, கையைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று அவர்கள் நடுவே ஓட்டிவருவது. ஊர் வாயைப் பிளந்து நிற்கும்போதே விதியைத் தளர்த்துவது. அதுவரை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. தான் தடைசெய்த சக்கரத்திலிருந்து தானே குப்புற விழுகிற தலைவனைப் பார்த்தால் கட்டடமே சிரிக்குமே! ஔலிஸ் எதையும் தாங்குவார். பனியைத் தாங்குவார், பல்வலியைத் தாங்குவார். நாலு பேர் சிரித்தால் மட்டும் அவருக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அதற்காகத்தான் அவர் பதுங்கு அறையைத் தேர்ந்தெடுத்தார். போர் வந்தால் ஜனங்கள் ஒளிந்துகொள்ள என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே இருக்கும் அறை அது. போர் வராததால் இந்தக் கட்டடத்தில் அது வலைக்கம்பிக் கூண்டுகள் நிறைந்த சாமான் கிடங்காகிவிட்டது. பழைய பனிச்சறுக்குப் பலகைகள், குழந்தை வண்டிகள், ஜாம் பாட்டில்கள். சாவி தலைவரிடம். யாராவது கேட்டால் “பராமரிப்பு வேலை” என்று சொல்லிக்கொள்ளலாம். கெட்டிக் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வெளியே குண்டு விழுந்தாலும் உள்ளே கேட்காது என்பார்கள். குண்டே கேட்காத இடத்தில் ஔலிஸ் விழுவதா கேட்கப்போகிறது?

அன்றும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காலை மிதியில் வைத்தார். கைப்பேசியில் பாடம் நடத்தும் இளைஞன் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கீழே பார்க்காதே, தூரத்தைப் பார். மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் பாதுகாப்பு உறை போடு. சக்கரம் சாய்ந்தால் பிடிக்கப் போகாதே, அதை விட்டுவிட்டு நீ தப்பி இறங்கு. ஔலிஸ் மூன்றையுமே செய்யவில்லை. தூரத்தைப் பார்க்க அந்த அறையில் தூரம் இல்லை. உறை வாங்கினால் ஹில்க்கா எதற்கென்று கேட்பாள். சக்கரத்தை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை, காசு போட்ட பொருளாயிற்றே!

“வா ராசா, வா. மெதுவா. அப்படித்தான்… ஏய், ஏய்! எங்க போற? அங்க இல்ல! ஐயோ!”

தடால்.

“நாசமாப் போக! என் கெண்டைக்காலைத் திங்கறதுக்குன்னே வந்தியா?”

எழுந்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஏறினார்.

“தலைவன்டா நான். தலைவனைக் கீழ தள்ளலாமா? நில்லு… நில்லுன்னா நிக்கணும்… அம்மா!”

இந்தத் தடவை கூடவே கீழ்வீட்டு ஐலாவின் கூண்டிலிருந்த பனிச்சறுக்குப் பலகைகளும் சரிந்தன.

அவர் நொண்டிக்கொண்டு வீடு திரும்பியபோது ஹில்க்காவும் சவுனாவிலிருந்து வந்துவிட்டிருந்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

“என்ன, அழுதியா?”

“தனியா உக்காந்திருந்தேன் இல்ல” என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  பாவி, இவளை அழவைத்துவிட்டேனே என்று ஔலிஸுக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குச் சளி போதாது. கொஞ்சம் கனமான காரணம் வேண்டும் என்று யோசித்து, “டாக்டர் சவுனா கூடாதுன்னுட்டார்” என்றார்.

ஹில்க்கா கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “எந்த டாக்டர்?”

“ஆபீஸ் டாக்டர்.”

“எதுக்காம்?”

“இதயம்… கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான்.”

ஹில்க்கா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். “சவுனாவும் சாராயமும் பைன் மரத் தாரும் குணப்படுத்தாத வியாதி சாவுலதான் முடியும்னு பெரியவங்க சொல்லுவாங்க. உனக்கு அந்தச் சவுனாவே ஆகாதுன்னா…” என்றவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கீழ்வீட்டு ஐலாவிடம் சொன்னாளோ என்னவோ, மறுநாள் காலையிலேயே ஐலா ஒரு பானை சால்மன் சூப்போடு வாசலில் நின்றாள்.

“தலைவரே, நீங்க எந்திரிக்காதீங்க. உங்களுக்கு ஆகாது.”

“எனக்கு ஒண்ணும் இல்ல ஐலா.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க” என்று அவர் தலையைத் தடவிவிட்டுப் போனாள். மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து மக்ரோனி. சாயங்காலம் மூன்றாம் மாடி உர்போ, மனைவியை இழந்து தனியாக இருக்கும் கிழவர், தன் கைத்தடியையே கொண்டுவந்து கொடுத்தார். “எனக்கு அவசரமில்ல தலைவரே. உங்களுக்குத்தான் முதல்ல தேவைப்படும் போல.”

ஔலிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். காயம் ஆறினால்தான் சவுனாவுக்குப் போக முடியும். புதுக்காயம் படாமல் இருந்தால்தான் பழையது ஆறும். ஆகவே உறை வேண்டும். மகன் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன ஐஸ் ஹாக்கி உறைகள் மேல் அலமாரியில் இருந்தன. நெஞ்சுக்கு, தோளுக்கு, முழங்காலுக்கு, முன்னங்காலுக்கு, தொடைக்கு என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, மேலே தன் குளிர்கால அங்கியையும் போட்டுப் பொத்தானை இழுத்துப் பிடித்து மூடினார். அடடா, இது முன்னாடியே தோன்றாமல் போனதே!

லிஃப்டில் உர்போ இருந்தார்.

உர்போ அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

“தலைவரே, உடம்பு ரொம்ப வீங்கியிருக்கே.”

“குளிருக்குப் போட்டிருக்கேன்.”

உர்போ ஒரு விரலை நீட்டி அவர் வயிற்றில் தட்டினார். டொக் டொக் என்றது.

“கெட்டியாயிடுச்சு. தண்ணி கோத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

“இப்ப எப்படி இருக்கார்?”

உர்போ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அன்று உறை போட்டதில் அடி குறைந்தது உண்மை. ஆனால் முழங்காலை மடக்க முடியாததால் விழுந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்ந்த ஆமை மாதிரி கொஞ்ச நேரம் கிடந்து, “யாராவது தூக்கி விடுங்களேன்டா!” என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சிவிட்டு, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வீங்கிய செய்தி அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்கு அவர் முறை என்று பலகையில் எழுதியிருந்தும் பனியை வேறு யாரோ தள்ளிவிட்டார்கள். படியில் எதிர்ப்பட்டவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஐலா ஏலக்காய் ரொட்டித் தட்டோடு வந்து ஒரு சந்தேகம் கேட்டாள்.

“தலைவரே, உங்களுக்கு இந்த ரொட்டி பிடிக்குமா, இல்ல கேக்கா? காபிக்கு எது வச்சா உங்க மனசுக்குத் திருப்தியா இருக்கும்?”

“எந்தக் காபிக்கு?” என்றார் ஔலிஸ். அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது அந்த ஊர் வழக்கம்.

“பொதுவாத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, அறிவிப்புப் பலகைக்கு மேலே இருந்த காலி இடத்தைக் கையால் சாண்போட்டு அளந்தாள். “ஒரு படம் மாட்டுற அளவுக்கு இடம் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இதெல்லாம் போதாதென்று வெள்ளிக்கிழமை ஹில்க்கா போதகரையே வரவழைத்துவிட்டாள். அன்னுக்கா தன் ஒற்றைச் சக்கரத்தைப் பையைப் போலக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே அதன் பனியைத் தட்டிவிட்டு நிறுத்தினார். சோபாவில் கம்பளிக்குள் கிடந்த ஔலிஸ் அந்தச் சக்கரத்தை ஏக்கத்தோடு பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் பேசுங்க” என்று ஹில்க்கா சமையலறைக்குப் போய்விட்டாள்.

“மனசுல பாரம் எதாவது இருக்கா, ஔலிஸ்?” என்றார் போதகர்.

“அப்படி ஒண்ணும்…” என்று புரண்டபோது கம்பளி விலகிக் கால்சட்டை மேலே ஏறிக்கொண்டது. போதகர் குனிந்து அந்தக் கெண்டைக்காலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“மிதி கடிச்சிருக்கு” என்றார் மெதுவாக.

ஔலிஸ் கம்பளியை இழுத்துக் காலை மூடப் பார்த்தார்.

“எனக்கும் முதல் மாசம் இதே இடத்துலதான். இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு கறுத்திருக்குன்னா நீங்க காலைச் சக்கரத்தோட ஒட்டி இறுக்குறீங்க. இறுக்காதீங்க. கீழ பாக்கறீங்களா?”

“பாக்கறேன்.”

“பாக்காதீங்க. அது சாயும்போது கையால பிடிக்கப் போறீங்களா?”

“போறேன்.”

“மணிக்கட்டு ஒடிஞ்சுடும், மனுஷா! அது விழுந்தா கீறல்தான் விழும். நீங்க விழுந்தா கட்டு போடணும். விட்டுடுங்க. ஹாக்கி உறையெல்லாம் வேண்டாம், மணிக்கட்டுக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு, முழங்காலுக்கு ஒண்ணு, அது போதும்.”

ஹாக்கி உறை போட்டது இந்தம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது ஔலிஸ் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவர் பயம் அவருக்கு.

“போதகரே, வெளிய சொல்லிடாதீங்க.”

“எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கும். ஆனா உங்க மனைவிகிட்ட நீங்க சொல்லிடுங்க.”

“கட்டடமே சிரிக்கும்.”

“சிரிச்சா என்ன, உயிரா போயிடும்?”

“மானம் போயிடுமே!”

போதகர் பெருமூச்சு விட்டு, அவருக்காக ஒரு சின்ன ஜெபம் சொன்னார். நடுவில் இரண்டு தடவை இருமல் வந்து அவரால் தொடர முடியவில்லை.

சொல்லலாமா, வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டார். புரள்வதும் சுலபமாக இல்லை, எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு காயம் இருந்தது. சொல்ல வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்கலாம் என்று விடியற்காலையில் முடிவுசெய்தார். அந்த முடிவு காலைக் காபிவரை தாங்கியது.

“தார்த்துவுக்கு நான் போகலை” என்றாள் ஹில்க்கா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

ஔலிஸ் நிமிர்ந்தார். கடல் தாண்டி எஸ்தோனியாவில், தார்த்து நகரத்தில், அவள் பாடகர் குழு பாடப்போகிறது. குளிர்காலம் பூராவும் அவள் வாயில் அந்தப் பாட்டுதான். முதல்முறையாகத் தனியாகப் பாட அவளுக்கு நாலு வரி கொடுத்திருந்தார்கள். நீலத்தில் ஒரு உடை தைத்து அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள்.

“ஏன்?”

“உன்னை இந்த நிலைமையில விட்டுட்டு அங்க போய் நான் என்னத்தப் பாடறது? என் வரியை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லி இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடப்போறேன்.”

அவ்வளவுதான். ஔலிஸ் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சிரிப்பார்களே என்ற பயம் ஒரு பக்கம், அலமாரியில் தொங்கும் நீல உடை ஒரு பக்கம். பகல் முழுக்க வீட்டுக்குள் நொண்டி நொண்டி நடந்தார். சாயங்காலம் அவர்கள் முறை வந்ததும், தானே இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு ஹில்க்கா முன்னால் போய் நின்றார்.

“வா, சவுனாவுக்குப் போகலாம்.”

“டாக்டர்…”

“டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வா.”

உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விளக்குக்குக் கீழே நின்றார். கத்திரிக்காய், பச்சை, மஞ்சள், பல் தடம், தட்டு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார்.

“சக்கரம்” என்றார். “ஒத்தச் சக்கரம். பதுங்கு அறையில. தினமும். இதயம் நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு மடையன், ஹில்க்கா. நீ தார்த்துவுக்குப் போ.”

ஹில்க்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, முதுகு குலுங்கியது, பெஞ்சும் சேர்ந்து ஆடியது. வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

“சொல்லிட்டியே… அப்பாடா, சொல்லிட்டியே!”

“கோவமில்லையா?”

“உம்மேல என்ன கோவம்!” என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். “மேல் படிக்கு வா. எத்தனை நாளாச்சு நீ பக்கத்துல உக்காந்து.”

இருவரும் மேல் படிப் பலகையில் ஏறி உட்கார்ந்ததும் ஹில்க்கா அடுப்பின்மேல் காய்ந்த கற்களில் தண்ணீர் ஊற்றினாள். சூடு புஸ்ஸென்று எழும்பி வந்து அவர் காயங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டது. எரிந்தது. ஆனாலும் ஔலிஸுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் தொடைமேல் கையை வைத்துக்கொண்டார்.

“இதை யார்கிட்டயும் சொல்லிடமாட்டியே?”

“நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சத்தியம்.”

“அந்தச் சனியனை நாளைக்கே வித்துடறேன். போதும்.”

“விக்கணுமா?” என்று ஹில்க்கா சட்டென்று கேட்டாள். “என்ன அவசரம்? கத்துக்கிட்டு அப்புறம் விக்கலாமே. இன்னும் ரெண்டு வாரம் பாரேன்.”

“வேண்டவே வேண்டாம். கடவுள் புண்ணியத்துல யாருக்கும் தெரியாம தப்பிச்சாச்சு. இதோட விட்டுடணும்.”

முறை முடிந்து, முகமெல்லாம் சிவக்க, துண்டைச் சுற்றிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார் ஔலிஸ். அங்கே பெஞ்சில் உர்போ உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அவருடையது. பக்கத்தில் பயணப்பையும் சவுனா அடுப்பில் சுடுவதற்கு ஒரு பொட்டலம் தொத்திறைச்சியுமாக, முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர்.

“தலைவரே! சவுனாவுக்குள்ளயா இருந்தீங்க?” உர்போ முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். “நீங்களா? இந்த நேரத்துலயா?”

“டாக்டர் சரியாப் போச்சுன்னுட்டார், உர்போ. சுத்தமாக் குணமாயிடுச்சு” என்றார் ஔலிஸ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தலைவர் குரல் திரும்ப வந்திருந்தது. “அப்புறம், பதுங்கு அறைப் பராமரிப்பு வேலையும் முடிஞ்சுது. இனிமே நான் அங்க போகவேண்டியதில்ல. பூட்டியாச்சு.”

உர்போ பதறிப்போய் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தலைவரே, இப்படி அநியாயம் பண்றீங்க! அந்த அறையோட காத்துக்குழாய் நம்ம சவுனா மேல்படிக்குப் பக்கத்துலதானே வந்து திறக்குது, நீங்க விழுறதைக் கேக்கணும்னே எங்க மச்சான் லாப்லாந்துலேர்ந்து ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கார். ஒரே ஒரு அரை மணி நேரம் உள்ள போயிட்டு வந்துடுங்களேன்!”